பீட் டவுன்ஷெண்ட்: முடிக்காத லைஃப்ஹவுஸும் அதிலிருந்து வந்த பாட்டுகளும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் உலகமே கொண்டாடிய ராக் பாட்டுகளை எழுதியவர். அப்படியிருந்தும் வயதான பிறகு தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது, நடக்காமல் போன லைஃப்ஹவுஸ் என்ற திட்டத்துக்கே ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்? அவர் உண்மையில் என்னதான் செய்ய ஆசைப்பட்டார்? புதிதாகக் கேட்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1966க்குப் பிறகு டவுன்ஷெண்ட் எழுதிய சிறந்த பாட்டுகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பெரிய கதைக்காக எழுதப்பட்டவை. சில சமயம் அந்தக் கதை நின்றது, சில சமயம் சரிந்து விழுந்தது. ஆனால் கதை என்று ஒன்று மனதில் இல்லாமல் அந்தப் பாட்டுகள் பிறந்திருக்காது. லைஃப்ஹவுஸைத் தோல்வி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

அவர் 1945 மே மாதம் லண்டனின் சிஸ்விக் பகுதியில் பிறந்தார். அப்பா கிளிஃப், ஸ்குவாட்ரனேர்ஸ் என்ற நடன இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர், அம்மா பாடகி. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்குள் உருவான குழு அது. மகன் கையில் எடுத்த எலக்ட்ரிக் கிதார், அப்பா வாசித்த அந்த வகை இசையையே மேடையிலிருந்து இறக்கிவிட்டது. இது அவருக்கு நன்றாகவே தெரியும், அதைப் பற்றி நிறையப் பேசியும் இருக்கிறார். சிறு வயதில் கொஞ்ச காலம் மனநிலை சரியில்லாத பாட்டியிடம் விடப்பட்டார். அங்கே பட்ட காயம் எவ்வளவு ஆழமானது என்பதை 2012இல் வந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அந்த நூலில் இன்னொரு சம்பவமும் உண்டு. ஸீ ஸ்கவுட்ஸ் எனும் கடல்சாரணர் சிறுவர்களோடு தேம்ஸ் நதியில் படகில் போகும்போது, மோட்டாரின் இரைச்சலுக்குள்ளிருந்து வேறு யாருக்கும் கேட்காத ஓர் இசை அவருக்குக் கேட்டது. படகு நின்றதும் இசையும் நின்றுவிட்டது, பையன் அழுதுவிட்டான். இதைப் படித்த பிறகு அவருடைய பிற்காலப் பாட்டுகளில் நீண்டுகொண்டே போகும் அந்த ரீங்காரங்களை என்னால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை.

அடுத்தது ஈலிங் கலைக் கல்லூரி. தானே தன்னை அழித்துக்கொள்ளும் கலை என்ற கருத்தை முன்வைத்த குஸ்டாவ் மெட்ஸ்கரின் உரையை அங்கேதான் கேட்டார். 1964இல் ஹாரோ பகுதியின் ரயில்வே ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தபோது கிதாரின் கழுத்து தாழ்வான கூரையில் இடித்து உடைந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் மிச்சத்தையும் அடித்து நொறுக்கினார். அப்புறம் அதுவே குழுவின் அடையாளமாகிவிட்டது. கிதார் உடைத்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே காலத்தில் அவருடைய அறையில் சத்தமில்லாமல் நடந்த வேலை.

குழுவின் மேலாளர்கள் கிட் லேம்பர்ட்டும் கிறிஸ் ஸ்டாம்பும். லேம்பர்ட், கான்ஸ்டன்ட் லேம்பர்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் மகன். அவர் டவுன்ஷெண்டிடம் நல்ல டேப் ரெக்கார்டர்களைக் கொடுத்து, வீட்டிலேயே பாட்டு பதிவுசெய்து பழகச் சொன்னார். டவுன்ஷெண்ட் ஒரு டேப்பில் கிதார் வாசிப்பார். அதை ஓடவிட்டு அதன் மேல் பேஸ், பிறகு டிரம்ஸ், பிறகு குரல், இரண்டாவது குரல் என்று அடுக்கிக்கொண்டே போவார். குழுவிடம் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது காகிதத்தில் எழுதிய வரிகளை அல்ல, கிட்டத்தட்ட முழுமையான ஒரு பதிவை. 1960களின் நடுவில் ராக் உலகில் இப்படி வேலை செய்தவர்கள் மிகக் குறைவு. இன்று மடிக்கணினி வைத்துக்கொண்டு தனி ஆளாக வீட்டில் பாட்டு செய்யும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வகையில் இவர் வழியில்தான் வருகிறார்கள்.

லேம்பர்ட் செய்த இன்னொரு நல்ல காரியம், ஹென்றி பர்செல் என்ற 17ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளரை இந்தப் பையனுக்கு அறிமுகப்படுத்தியது. கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரங்களின், நடு ஸ்வரத்தை ஒரு படி மேலே தூக்கிப் பிடித்து, கேட்பவரைச் சற்றுக் காக்க வைத்து, பிறகு அதன் இடத்தில் இறக்கும் உத்தி பர்செலிடம் நிறைய உண்டு. கிதார்காரர்கள் இதை 'சஸ்பெண்டட் கார்டு' என்பார்கள். டவுன்ஷெண்ட் அதை அப்படியே ராக் கிதாருக்குக் கொண்டுவந்தார். 'பின்பால் விசார்ட்' பாட்டின் தொடக்கத்தில் அகூஸ்டிக் கிதார் படபடவென்று அடித்துக்கொண்டே போகிறதே, அந்தப் பதற்றம் முழுக்க இந்தத் தூக்கிப் பிடித்தலால் வருவது. கையில் கிதார் இருந்தால் வாசித்துப் பாருங்கள். ஒரு விரலை வைத்து எடுப்பதுதான் வித்தியாசம், மனநிலையே மாறிவிடும்.

பெரிய வடிவத்தின் மீதான ஆசையையும் லேம்பர்ட்தான் தூண்டினார். 1966இல் இரண்டாவது இசைத்தட்டில் சுமார் பத்து நிமிடம் காலியாக இருந்தது. சின்னச் சின்னப் பாட்டுகளைக் கோத்து ஒரே கதையாக்கி நிரப்பு என்றார். அப்படி வந்ததுதான் 'எ குயிக் ஒன், வைல் ஹீ'ஸ் அவே'. கடைசிப் பகுதிக்கு செல்லோ வாத்தியம் தேவைப்பட்டது. கலைஞர்களை அழைக்கப் பணம் இல்லை. குழுவினரே மைக் முன்னால் நின்று "செல்லோ, செல்லோ, செல்லோ" என்று வாயாலேயே பாடிவிட்டார்கள். இன்றும் அந்த இடம் வரும்போது எனக்கு மனம் நிறைகிறது. கதை சொல்ல வேண்டும் என்ற வெறி, வசதியில்லை என்பதற்காக நிற்கவில்லை.

1967இல் வந்த 'ஐ கேன் சீ ஃபார் மைல்ஸ்' நிச்சயம் முதலிடம் பிடிக்கும் என்று நம்பினார். தன் கையில் இருந்த மிகப் பெரிய ஆயுதம் அது என்று நினைத்திருந்தார். பிரிட்டனில் அது பத்தாவது இடத்தோடு நின்றது. அந்த அடி அவரை ஒற்றைப் பாட்டுச் சந்தையிலிருந்து மனதளவில் வெளியே தள்ளியது என்று நினைக்கிறேன். அடுத்து எழுதியது 1969 மே மாதம் வெளிவந்த 'டாமி'. பார்வை, செவி, பேச்சு மூன்றும் அடைந்துபோன ஒரு சிறுவனின் கதை, இரண்டு இசைத்தட்டு நீளத்துக்கு. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா ஹவுஸில் ஒரு ராக் குழு ஏறி அதை வாசித்தது. தன் சிறு வயதுக் காயத்தைத்தான் டாமியில் எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கே பல வருடம் கழித்துத்தான் முழுதாகப் புரிந்தது.

டாமி எழுதும் காலத்தில் அவர் மெஹர் பாபாவின் பக்தரானார். புனேயில் பிறந்து, 1925 முதல் 1969 ஜனவரியில் மறையும் வரை வாய் திறந்து பேசாமல் வாழ்ந்தவர் மெஹர் பாபா. டவுன்ஷெண்ட் அவரை நேரில் பார்த்ததில்லை. 1972இல் அகமதுநகர் அருகே மெஹராபாதில் இருக்கும் சமாதிக்குப் போனார். அந்தக் காலத்தில் ஆங்கிலேய இசைக் கலைஞர்கள் இந்திய ஆன்மிகத்தை நாடியது நிறைய நடந்ததுதான். பலருக்கு அது ஒரு பருவத்தோடு போய்விட்டது. இவர் விடவில்லை. மெஹர் பாபாவின் பிரார்த்தனையை வைத்து 'பர்வர்திகார்' என்ற பாட்டு செய்தார், ட்விக்கனமில் அவர் பெயரில் ஒரு மையம் நடத்தினார். இடையில் மதுவும் போதையும் அவரைப் பிடித்துக்கொண்ட வருடங்களும் உண்டு. அதையும் அவர் மறைத்ததில்லை.

இனி லைஃப்ஹவுஸ். டாமிக்குப் பிறகு குழு உலகப் புகழில் இருந்தது. 1970 கடைசியிலும் 1971 தொடக்கத்திலும் டவுன்ஷெண்ட் ஒரு எதிர்காலக் கதையை எழுதினார். காற்று மாசுபட்டு மக்கள் வெளியே வர முடியாத காலம். ஒவ்வொருவரும் ஒரு சிறப்பு உடைக்குள் படுத்திருக்கிறார்கள். எல்லா உடைகளும் கம்பி வழியாக 'கிரிட்' என்ற ஒரே வலையில் இணைந்திருக்கின்றன. உணவு, பொழுதுபோக்கு, அனுபவம் எல்லாமே அதன் வழியாக வருகிறது. ராக் இசை மறந்தே போய்விட்டது. சிலர் மட்டும் அந்த வலைக்கு வெளியே வாழ்கிறார்கள். ஒரு அரங்கத்தில் கூடி, வந்த ஒவ்வொருவரின் உடல், மனம் பற்றிய தகவல்களையும் கருவியில் செலுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி இசையை உருவாக்குகிறார்கள். கடைசியில் எல்லோருடைய இசையும் ஒரே ஸ்வரத்தில் கலக்கிறது. 1971இல் எழுதிய கதை இது! வீட்டில் இணையம் என்ற பேச்சே இல்லாத காலம்.

ஒரே ஸ்வரம் என்ற அந்த எண்ணத்துக்குப் படகில் கேட்ட இசை ஒரு வேர் என்றால், இனாயத் கானின் எழுத்து இன்னொரு வேர். இவர் பரோடாவைச் சேர்ந்த வீணைக் கலைஞர், சூஃபி ஆசான். 1910இல் மேற்கே போனவர். எல்லாப் படைப்பும் அதிர்வுதான், ஒலிதான் என்று சொன்னவர். (இவருடைய தாத்தா மௌலா பக்‌ஷ் மைசூரில் கர்நாடக இசை கற்றவர். லண்டன் ராக் பாட்டு ஒன்றின் வேரைத் தேடிப் போனால் மைசூர் வரை வந்து நிற்கிறோம் என்பதில் எனக்கு அலுக்காத சந்தோஷம்.)

டவுன்ஷெண்ட் இதை எழுதி வைப்பதோடு நிறுத்தவில்லை, நிஜமாகவே நடத்திப் பார்க்க ஆசைப்பட்டார். லண்டனின் யங் விக் அரங்கில் 1971இன் முதல் மாதங்களில் குழு சில நிகழ்ச்சிகளை நடத்தியது. வருகிறவர்களும் குழுவும் சேர்ந்து வாழ்ந்து, அதிலிருந்தே இசையும் திரைப்படமும் வளரும் என்பது திட்டம். வந்தவர்களோ பழைய ஹிட் பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். பாடகர் ரோஜர் டால்ட்ரி, பேஸ் வாசித்த ஜான் என்ட்விசில், டிரம்மர் கீத் மூன் என்று குழுவின் மற்ற மூவருக்கும் கதை பிடிபடவில்லை. லேம்பர்டோ டாமியைப் படமாக்கும் நினைப்பில் இருந்தார். அவருடைய போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. நியூயார்க்கில் அவரோடு நடந்த பதிவு பாதியில் நின்றது, டவுன்ஷெண்ட் மனம் உடைந்து நொறுங்கினார்.

கதை எதனால் மற்றவர்களுக்குப் புரியவில்லை? அவருக்கு விளக்கத் தெரியவில்லை என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது அன்றைய கருவிகளால் செய்ய முடியாத காரியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மனிதனின் தகவலைக் கொடுத்தால் இசை செய்து தரும் கணினி வேண்டும் என்றார். அவர் வீட்டில் இருந்தவை மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சில சிந்தசைசர்களும் லோரி என்ற நிறுவனத்தின் ஒரு மின் ஆர்கனும்தான்.

அந்த எளிய கருவிகளை வைத்து என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 'பாபா ஓ'ரைலி' பாட்டு ஒரு சலசலப்போடு தொடங்கும். சிந்தசைசர் என்று எல்லோரும் நினைப்பார்கள். அது லோரி ஆர்கனில் 'மரிம்பா ரிபீட்' என்ற பொத்தானைப் போட்டுக் கையால் வாசித்தது. விரலை வைத்தால் போதும், ஆர்கனே அந்த ஸ்வரத்தைத் துடிதுடிக்க வைக்கும். மெஹர் பாபாவின் வாழ்க்கைத் தகவல்களைக் கருவியில் கொடுத்து, டெர்ரி ரைலி என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் பாணியில் இசை பிறந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனை அது. பாட்டின் பெயரில் அந்த இருவருமே இருக்கிறார்கள். லைஃப்ஹவுஸ் அரங்கில் ஒவ்வொரு மனிதனுக்கும் கிடைக்க வேண்டிய தனி இசைக்கு அவர் கையால் செய்து பார்த்த மாதிரி இது.

'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டில் அதே ஆர்கனை வி.சி.எஸ்.3 என்ற சின்ன சிந்தசைசரின் வழியாகச் செலுத்தினார். ஆர்கனில் கார்டை அழுத்திப் பிடித்தபடி இருக்கிறார். சிந்தசைசரின் ஃபில்டர் அந்த ஒலியைத் திறந்து திறந்து மூடுகிறது. வீட்டில் செய்த அந்த டேப்பையே ஸ்டுடியோவில் ஓடவிட்டு, அதன் மேல் குழு வாசித்தது. கீத் மூனை நினைத்துப் பாருங்கள். தாளத்தைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் போகிற டிரம்மர். அவர் இங்கே நிற்காத, வளையாத ஒரு டேப்போடு ஓட வேண்டும். மேடையிலும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த டேப்போடு சேர்ந்து வாசித்தார். அசையாத இயந்திரமும் அடங்காத மனிதனும் மோதுகிற அந்த இழுபறிதான் எட்டரை நிமிடப் பாட்டைத் தாங்கி நிற்கிறது. லைஃப்ஹவுஸ் கதையின் சாரமும் அதே மோதல்தான். கதை கைவிடப்பட்ட பிறகும் அது பாட்டின் கட்டுமானத்துக்குள் அப்படியே தங்கிவிட்டது.

சரி, சிதறியதை யார் அள்ளினார்கள்? கிளின் ஜான்ஸ் என்ற ஒலிப்பதிவாளர். கதையை விட்டுவிடு, பாட்டுகள் பிரமாதமாக இருக்கின்றன, ஒரே தட்டாகப் போடலாம் என்றார். 1971 ஆகஸ்டில் 'ஹூஸ் நெக்ஸ்ட்' வெளிவந்தது. பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஒரே தி ஹூ ஆல்பம் அதுதான். ஜான்ஸ் செய்தது சரியான காரியம் என்றே நானும் சொல்வேன். ஆனால் இழப்பும் உண்டு. 'பிஹைண்ட் ப்ளூ ஐஸ்' கதையின் வில்லன் பாட வேண்டிய பாட்டு. கதை போனதும் அது யாரோ ஒருவரின் சோகப் பாட்டாகிவிட்டது. கதைக்கே மையமான 'ப்யூர் அண்ட் ஈஸி' தட்டில் இடம்பெறவே இல்லை. ஒரே ஸ்வரத்தைப் பற்றிய பாட்டு அது. அதன் வரி ஒன்று 'தி சாங் இஸ் ஓவர்' பாட்டின் முடிவில் தூரத்தில் கேட்டு மறையும், அவ்வளவுதான்.

1973இல் 'குவாட்ரஃபீனியா'. இந்த முறை யாரிடமும் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கவில்லை, எல்லாப் பாட்டையும் அவரே எழுதினார். ஜிம்மி என்ற 'மாட்' (1960களின் பிரிட்டிஷ் இளைஞர் கூட்டம் ஒன்றின் பெயர்) இளைஞனின் நான்கு முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இசைக் கரு, கடைசியில் கடல். முழுமையாக நிறைவேறிய கதை என்று பார்த்தால் அவருடைய படைப்புகளில் இதைத்தான் முதலில் வைப்பேன், டாமியைக்கூட இதற்கு அடுத்துதான்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978 செப்டம்பரில் கீத் மூன் இறந்தார். 1979 டிசம்பரில் சின்சினாட்டியில் நிகழ்ச்சிக்கு முன் அரங்க வாசலில் ஏற்பட்ட நெரிசலில் 11 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். 'எம்ப்டி கிளாஸ்' போன்ற தனி ஆல்பங்கள் வந்தன. 1983 முதல் ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகத்தில் ஆசிரியராக வேலை செய்தார். வருடக்கணக்கான சத்தத்தில் காது கெட்டது. மேடையைவிட ஸ்டுடியோ ஹெட்ஃபோனே அதற்கு முக்கியக் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1993இல் டாமி பிராட்வே நாடகமாகி அவருக்கு டோனி விருது கிடைத்தது. 2002இல் என்ட்விசிலும் போனார்.

இத்தனைக்கும் நடுவில் லைஃப்ஹவுஸை அவர் கீழே வைக்கவில்லை. 1993இல் வந்த 'சைக்கோடெரலிக்ட்' தனி ஆல்பத்தில் அதே கதை வேறு உருவில் வந்தது. 1999 டிசம்பரில் பி.பி.சி. ரேடியோ 3 அதை வானொலி நாடகமாக ஒலிபரப்பியது. அடுத்த ஆண்டு ஆறு சி.டி. கொண்ட பெட்டியாக வந்தது. 2007இல் லாரன்ஸ் பால் என்ற இசையமைப்பாளரோடும் ஒரு மென்பொருளாளரோடும் சேர்ந்து ஓர் இணையதளம் திறந்தார். நீங்கள் உங்கள் குரல், படம், ஒரு தாளம் ஆகியவற்றைக் கொடுத்தால் உங்களுக்கென்று ஓர் இசை செய்து தரும். ஆயிரக்கணக்கானோருக்கு அப்படி இசை கிடைத்தது. 36 வருடத்துக்கு முன் யங் விக் அரங்கில் நடக்காதது, சின்ன அளவில் என்றாலும், நடந்தது. 2023இல் ஹூஸ் நெக்ஸ்டும் லைஃப்ஹவுஸும் சேர்ந்த பெரிய பெட்டி வந்தது, கூடவே ஒரு சித்திரக்கதை நூலும்.

ஆக, கேள்விக்கு வருகிறேன். பழைய தோல்வியை ஏன் கிளறிக்கொண்டே இருக்கிறார் என்று கேட்டால், அவருக்கு அது இன்னும் முடியாத வேலை. ஒரு பாட்டில் பாடுகிறவரும் கேட்கிறவரும் வேறு வேறு ஆளாக இல்லாமல் போகிற கணம் ஒன்று உண்டு என்று நம்புகிறவர் அவர். கச்சேரியில் எப்போதாவது தற்செயலாக நடக்கும் அந்தக் கணத்தைத் திட்டமிட்டு வரவழைக்க முடியுமா என்பதுதான் அவருடைய லட்சியம். அதில் ஹிட் பாட்டு ஒரு பக்க விளைவுதான். பிரையன் வில்சனுக்கும் 1967இல் கைவிட்ட 'ஸ்மைல்' இருந்தது. 2004இல் முடித்தார், நிம்மதி கிடைத்தது. லைஃப்ஹவுஸை அப்படி முடிக்க முடியாது. கேட்கிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கும்வரை அதில் வேலை மிச்சம் இருக்கும்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள்: இருபது வயதில் "கிழவனாவதற்கு முன் செத்துவிட வேண்டும்" என்ற பொருளில் பாட்டு எழுதியவர் எண்பது வயதில் எப்படி மேடையேறுகிறார் என்று. 'மை ஜெனரேஷன்' என்ற அந்தப் பாட்டை எழுதிய பையனுக்கு மூப்பு என்றால் நரையல்ல. வசதி வந்ததும் உறைந்துபோன மனிதர்கள். அந்த அர்த்தத்தில் அவர் இன்னும் வாக்குத் தவறவில்லை என்பேன். 2025இல் மட்டும் குவாட்ரஃபீனியா பாலே நடனமாக அரங்கேறியது, தி ஹூ வட அமெரிக்காவில் விடைபெறும் பயணமும் நடத்தியது.

எங்கே தொடங்குவது? ஹூஸ் நெக்ஸ்டை முதலில் முழுக்கக் கேளுங்கள். பிறகு 'ஸ்கூப்' என்ற பெயரில் 1983 முதல் அவர் வெளியிட்ட வீட்டு டெமோ (மாதிரிப் பதிவு) தொகுப்புகளுக்குப் போங்கள். முடிந்தால் ஒரே பாட்டின் டெமோவையும் குழுவின் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். டால்ட்ரி முழங்கும் இடத்தில் டவுன்ஷெண்ட் மெல்லிய, கொஞ்சம் நடுங்குகிற குரலில் பாடியிருப்பார். அதன் பிறகு குவாட்ரஃபீனியா, ஒரே அமர்வில். டாமியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் கதை வலி மிகுந்தது, குழந்தைகள் மீதான கொடுமை வருகிறது, அதற்குத் தயாராக இருக்கும் நாளில் கேளுங்கள்.